ஏணியும் தையல் மிஷினும்

ஜனவரி 12

என் சங்குத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் முட்டியையும் மிஷின் பெல்ட்டையும் தவிர. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு தேய்கின்றன. உன் பிள்ளைகளுக்குச் சளி விட்டதா? உன் வீட்டுக்காரருக்கு மறுபடியும் ராத்திரி பஸ்தானா?

ஒரு நல்ல சேதி. நம் மேட்டுத் தெருவையும் மில்லுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளையும் சேர்த்து ஒரே வார்டாக்கிவிட்டார்கள். அதுவும் பெண்கள் மட்டும் நிற்கிற வார்டு. உனக்கு நினைவிருக்கும். மேட்டுத் தெருவில் எல்லோரும் மலைப்பக்கத்து ஆட்கள், மௌனக் கூடத்தில் கண்ணை மூடி உட்காருகிறவர்கள், ஏணிக் கட்சி. லைன் வீட்டில் எல்லோரும் கடல்பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள், பாட்டுக் கூடத்தில் தொண்டை கிழியப் பாடுகிறவர்கள், குடைக் கட்சி. யாரும் கட்சி என்ன செய்தது என்று கேட்பதில்லை. எந்தக் கூடம் என்று கேட்டால் போதும், சின்னம் தெரிந்துவிடும்.

இருபது வருஷமாக ஏணிக் கட்சிக்குக் கொடி தைக்கிறேன். தெருத் தெருவாகப் போய் ஓட்டும் கேட்டிருக்கிறேன். கட்சிச் செயலாளர் போன வாரம் கடைக்கு வந்து, "இந்தத் தடவை உங்க வீட்டை மறக்கமாட்டோம்க்கா"ன்னு சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். வேறு யாரிடமும் சொல்லாதே. கட்சியின் பச்சை நிறக் கம்பளித் துணியில் எனக்கு ஒரு கோட்டு வெட்டி வைத்திருக்கிறேன், மனு கொடுக்கும் நாளுக்கு.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவன் உன் பெயரை அடிக்கப் பார்த்தான். "அவ கல்யாணம் ஆகிப் போயிட்டாளேம்மா"ன்னான். "போனா என்ன, இது அவ பொறந்த வீடு, அவ ரூம் அப்படியே இருக்கு"ன்னு சண்டை போட்டுக் காப்பாற்றினேன். எப்போதும் போல வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போ. இந்தத் தடவை அக்காவுக்கு.

உன் அக்கா


ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

உன் சங்கு எழுதுகிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாமாவும் சுகமா? பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளா? முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பல்படாதே.

எனக்கு அதே வேலைதான். பஸ் ஸ்டாண்டு மைக்கில் எந்த பஸ் எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று காலையிலிருந்து கத்துகிறேன். சாயங்காலம் பாட்டுக் கூடத்தில் பாடுகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் அங்கே என்னை 'மலைக்காரி' என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு கிழவி பாட்டு முடிந்ததும், "மலைக்காரிக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு"ன்னாள். அந்த 'த்தான்' எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வார்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுது. லைன் வீட்டில் யார் பேச்சை யார் கேட்பார்கள்? பெண்கள் எப்படி? நம் தெருவில் யாராவது மாறிப் போடுவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் செயலாளரை இங்கே ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

உன் தங்கை


பிப்ரவரி 10

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பேத்தி உரக்கப் படித்தாள். நான் படிக்கத் தெரியாதவள் இல்லை, கண்ணாடி உடைந்திருக்கிறது. எல்லோரும் நலம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். லைன் வீட்டில் ஆம்பிளைகள் பாட்டுக் கூடத்துப் பெரியவர் சொல்வதைக் கேட்பார்கள். பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் யார் என்ன பேசுகிறார்களோ அதைக் கேட்பார்கள். குழாய் என்றதும் நினைவு வருகிறது. மேட்டுத் தெருவுக்கும் லைன் வீட்டுக்கும் ஒரே பைப்தான். போன தடவை நம் ஏணிக் கவுன்சிலர் நம் தெரு வரைக்கும் புதுப் பைப் போட்டு, அதோடு மண்ணை மூடிவிட்டார். "அவங்க நமக்குப் போடப் போறதில்லையேக்கா"ன்னார். அதற்கு முந்தின தடவை லைன் வீட்டு வார்டின் குடைக் கவுன்சிலர் அவர் பக்கம் மட்டும் சரி செய்தார். பழசும் புதுசும் சேரும் இடத்தில் இன்றைக்கும் தண்ணீர் பீச்சுகிறது. இரண்டு கூடத்துக்கும் இல்லாமல் தெருநாய் குடிக்கிறது.

நான் வந்தால் முதல் வேலை அந்த இரண்டு பைப்பையும் சேர்ப்பதுதான். தையல் பிரிந்தால் இரண்டு பக்கமும் பிடித்துத்தானே தைக்க வேண்டும்.

நம் தெருவில் யாரும் மாறிப் போடமாட்டார்கள். ஏணி என்றால் ஏணிதான். லைன் வீட்டில் மட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் என்னிடம்தான் தைக்கிறார்கள். அதனால் என் முகத்துக்குக் கொஞ்சம் விழும்.

செயலாளர் என்னைப் பற்றி என்ன சொன்னார்? முழுசாக எழுது. சீட்டைப் பற்றி ஏதாவது வாய் விட்டாரா?

ஆவலோடு, அக்கா


மார்ச் 4

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதும் ஆச்சா? பிள்ளைகளுக்கா? தபால்காரன் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு உன் நினைப்புதான். கோட்டுக்குப் பித்தான் வைத்துவிட்டேன். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். உங்க மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். கூடத்தில்தான் மௌனம் என்றால் வீட்டிலும் அதே.

பதில் போடு.

அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பல் விழுந்து முளைக்கிறது. பெரியவள் பாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை, நம் வீட்டு ரத்தம். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் புது மைக் வந்திருக்கிறது. இங்கே வெயில் கொளுத்துகிறது, அங்கே இன்னும் குளிராகத்தான் இருக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், நேரில் வந்து சொல்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

நலம். நீ நேரில் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நேற்று செயலாளர் ஆர்டர் கொண்டுவந்தார். நூறு கொடி, ஒரு பெரிய பேனர். பேனரில் வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டி ஒட்டித் தைக்க வேண்டும் என்றார். என்ன எழுத்து என்று கேட்டேன். தாளை நீட்டினார். அதில் இருந்தது உன் பெயர்.

நான் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. அவர்தான் ஒரு அடி பின்னால் போனார்.

"அக்கா, நீங்க எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி."

"தாய்க்கு சீட்டுக் கிடையாதா?"

"கணக்கு அப்படிக்கா. மேட்டுத் தெரு எங்கேயும் போகாது, ஏணியை நட்டா போட்டுருவாங்க. லைன் வீட்டைப் பிடிக்கணும்னா பாட்டுக் கூடத்து ஆள் வேணும். உங்க தங்கச்சி இங்க பொறந்தவங்க, அங்க வாழ்றவங்க. ரெண்டு பக்கமும் விழும். பேரும் இங்கயே பட்டியல்ல இருக்கு, அதுவும் உங்க புண்ணியம்."

"அப்ப இருபது வருஷம்?"

"உங்க உழைப்பை யாரு மறந்தா. ஆனா கவுன்சில்ல ஃபைல் படிக்கணும். தங்கச்சி பத்தாவது. நீங்க அஞ்சாவது."

"அஞ்சாவது படிச்சவ கொடி தைக்கலாம், ஏத்தக் கூடாது. அப்படித்தானே?"

அவர் டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.

நீ பத்தாவது படித்தது யார் மிஷினை மிதித்து என்று நான் எழுதப் போவதில்லை. லைன் வீட்டில் யார் பேச்சை யார் கேட்பார்கள் என்று சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாயே, தெரிந்துகொண்டாயா? சங்கு என்று உனக்குப் பெயர் வைத்த அப்பா, அதை எனக்கு ஊதப் போகிறாய் என்று நினைத்திருக்கமாட்டார்.

இப்படிக்கு,
தையல்காரி


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அந்தக் கல்யாணத்தில் செயலாளர் என்னைக் கேட்டபோது முதலில் உன் பெயரைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே உனக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. நான் மறுத்தால் மில் கணக்கரின் மச்சினிக்குக் கொடுப்பார்கள். இது ஒரு காரணம். ஆனால் நான் சரி என்றது இதற்காக மட்டும் இல்லை. பொய் சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும்.

மேட்டுத் தெருவில் நீ நடந்தால் வாசலுக்கு வாசல் "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவார்கள். நான் ஓட்டுப் போட வரும்போது, "தையல்கார அக்கா தங்கச்சி வந்திருக்கு" என்பார்கள். கடல்பக்கத்தானைக் கட்டியதிலிருந்து அதுவும் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். இங்கே மலைக்காரி, அங்கே பாட்டுக்காரி. நீ ஒரே இடத்தில் முழுசாக இருக்கிறாய். எனக்கு இரண்டு இடத்திலும் அரைதான். முதல் தடவையாக ஒருத்தர் வந்து, அந்த இரண்டு அரையும் வேண்டும் என்றார். எனக்கு ஆசையாக இருந்தது அக்கா. நம் தெரு ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று.

இங்கே மட்டும் கொண்டாடுகிறார்களா என்ன? பாட்டுக் கூடத்துக்காரி மௌனக்காரர்கள் கட்சியில் நிற்கிறாளே என்று என் கொழுந்தனார் எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. கூடத்தில் எனக்குப் பின்வரிசை.

நீ திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 9

தங்கைக்கு,

நலம்.

நானும் மனுக் கொடுத்துவிட்டேன், சுயேச்சையாக. அதிகாரி சின்னங்களைக் காட்டினார். வாளி, கெட்டில், தையல் மிஷின் இருந்தன. மிஷினில் விரலை வைத்தேன். வேறொன்றும் எழுதவே வேண்டியதில்லை, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். அஞ்சாவது அதற்குப் போதும்.

பச்சைக் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன். சாம்பல் நிற லைனிங் நன்றாகத்தான் இருந்தது. தையல் சுத்தமாக இருந்தால் எந்தப் பக்கமும் போடலாம்.

உன் கொடிகளையும் பேனரையும் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெயரில் ஒரு எழுத்தும் கோணவில்லை, போய்ப் பார். பொறாமை மனசில் இருக்கும், தொழிலில் இருக்காது.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு உனக்குத் தபால் போடுகிறேன். லைன் வீட்டுக் கடைசியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மாமா சுகமா? உனக்கு இருமல் என்று பேக்கரிக்காரி சொன்னாள்.

நேற்று நீ குழாயடிக்கு வந்தாய். நான் வாளிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ பார்த்தாய். பார்க்காத மாதிரி போனாய். உன் நடையில் இடது முட்டி இழுக்கிறது.

இங்கே நடப்பதைக் கேள். நான் மைக்கைப் பிடித்து, "நானும் உங்க கூடத்தில் பாடுறவதான்"னு ஆரம்பித்தால் ஒரு அம்மா எழுந்து, "பாடுறதெல்லாம் சரிதான்மா, உங்க அக்கா எங்க பையனுக்கு டிராயரை மூணு வருஷம் வளர வளர இறக்கிக் குடுத்தாங்க, நீ என்ன குடுப்பே?" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிறது. பாட்டுக் கூடத்துப் பெரியவர் எனக்குப் போடக் கூடாது, குடைக்குத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். உங்கள் மௌனக் கூடத்துப் பெரியவர்கூட வாயைத் திறந்து ஏணி என்று சொன்னாராமே. எத்தனை வருஷம் கழித்துப் பேசினார், அதையும் இதற்கா?

செயலாளர் என்னிடம், "உங்கக்கா ஓட்டைப் பிரிக்கிறாங்க"ன்னு புலம்புகிறார். எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வருகிறது. உன்மேல் வருவது எரிச்சல் இல்லை, பழைய பொறாமை வியாதி.

இருமலுக்கு மருந்து சாப்பிடு.

உன் தங்கை


மே 21

தங்கைக்கு,

நலம். ஜெயித்துவிட்டாய். வாழ்த்து. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஒரு காலை ஆனது.

பூத்துப் பூத்தாக எண்ணியதைப் பக்கத்து வீட்டுப் பிரசவ நர்ஸ் குறித்துக் கொண்டுவந்தாள். லைன் வீட்டுப் பூத்தில் முதலில் வந்தது நான். ஆமாம், நான்தான். குடைக்காரி இரண்டாவது. பாட்டுக்காரியான நீ கடைசி. உன் செயலாளர் யாரைப் பிடிக்க உன்னை நிறுத்தினாரோ அவர்கள் உனக்குப் போடவில்லை.

மேட்டுத் தெருப் பூத்தில் ஏணிக்குக் குவிந்திருக்கிறது. வாசலுக்கு வாசல் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்ட அதே ஜனம். என்னைப் பார்த்தால் இப்போதும் கூப்பிடுகிறார்கள். அந்தத் தெருவில் எனக்கு விழுந்தது ஐந்தே ஐந்து ஓட்டு. இருபது வருஷம் கொடி தைத்துத் தைத்து ஏணியை அவர்கள் கண்ணில் நானே நட்டிருக்கிறேன். அதில் ஏறி நீ போய்விட்டாய்.

ஐந்தும் யார் யார் என்று தெரியும். நான், என் மகள், மருமகன், பிரசவ நர்ஸ். ஐந்தாவது உங்க மாமா. அவரிடம் கேட்டேன். "போட்டேன்"னு மட்டும் சொன்னார். அந்த மனுஷன் பேசாவிட்டாலும் நமக்கென்று ஒரு கை இருக்கிறதே என்று காலையில் முதல் டீயை அவருக்குக் கொடுக்கிறேன். நேற்று அவர் சட்டைக்குப் பித்தான்கூட நானாகவே தைத்துக் கொடுத்தேன்.

பதவி ஏற்க வருகிறவர்கள் நல்ல உடுப்பில் வர வேண்டும் என்பார்கள். பச்சைக் கோட்டைக் கேட்டு ஆள் அனுப்பாதே.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

சுகமா? பேத்தி சுகமா? எனக்கு மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். மேட்டுத் தெருவில் ஊர்வலம் வந்தபோது என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் இத்தனை வருஷம் ஏங்கியது அதற்குத்தான். நம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டது ஒன்றும் காதில் ஏறவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் யோசித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று. மாமாவுக்காக எழுத வேண்டாம் என்று நினைத்தேன். உனக்காக எழுத வேண்டும் என்று தோன்றியது. என் பெயரும் அந்தப் பூத்தில்தான் இருந்தது. மறைப்புக்குள் போய் முத்திரையைக் கையில் எடுத்தேன். ஏணி மேலே இருந்தது, மிஷின் கீழே. பேனரில் என் பெயர் கோணாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. மிஷினில் குத்திவிட்டு வெளியே வந்தேன்.

ஐந்தாவது ஓட்டு என்னுடையது அக்கா. கட்சிக்காரர்களுக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள். மாமாவைத் திட்டாதே.

உன் சங்கு


ஜூன் 5

கவுன்சிலரம்மாவுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உங்க மாமா சுகமாக இல்லை, காரணம் உனக்குத் தெரியும்.

கடிதத்தைப் படித்ததும் நேராகப் போய் அவர் பேப்பரைப் பிடுங்கினேன்.

"யாருக்குப் போட்டீங்க?"

"போட்டேன்னு சொன்னேனே."

"யாருக்குன்னு சொல்லலையே."

கூடத்தில் உட்காருவது மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "உனக்குப் போடணும்னுதான் போனேன். உள்ள போனதும் கை தானா ஏணிக்குப் போயிடுச்சு. நாப்பது வருஷப் பழக்கம். குத்தின பிறகுதான் நீ ஞாபகத்துக்கு வந்தே."

கூடவே வாழ்கிற மனுஷனுக்கே கை அப்படிப் போகிறது. தெருவை நான் என்ன சொல்ல? முதல் டீ இப்போது எனக்குத்தான்.

நீ எனக்குப் போட்டாய் என்பதற்காக நானும் உனக்குப் போட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. நான் எனக்குத்தான் போட்டேன், நன்றாக அழுத்தி. உன்னைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த நாற்காலியில் நீ உட்காருவதை நினைத்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆனால் எரிகிற வயிற்றோடேயே உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், பேத்தியிடம் கொடுக்காமல்.

முதல் கூட்டத்திலேயே பைப்பைப் பற்றிப் பேசு. வேலையை லைன் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல். மேட்டுத் தெரு காத்திருக்கட்டும். என் வீடும் அந்தத் தெருவில்தான், தெரியும். நான் குடத்தில் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பைப்பையும் சேர்க்கும்போது மட்டும் நீயே பக்கத்தில் நில். பாதியில் மண்ணைப் போட்டு மூடினால் அங்கேயே வந்து கத்துவேன். சங்கு உனக்கு மட்டும் சொந்தமில்லை.

உன் அளவை அனுப்பு, மார்பும் கையும். நீலத்தில் ஒரு கோட்டு தைக்கிறேன். நீலம் எந்தக் கட்சிக்கும் இல்லை. பச்சையைக் கொடுக்கமாட்டேன். அதை மறுபடியும் பிரித்து, திருப்பி, இன்னொரு தடவை எனக்கே தைக்கப் போகிறேன். ஐந்து வருஷம் கழித்து வேண்டியிருக்கும்.

பட்டியல் சரிபார்க்கிறவன் மறுபடியும் வந்தால் உன் பெயரை அடிக்கவிடமாட்டேன். மேட்டுத் தெருவில் எனக்கு நிச்சயமாக விழுகிற ஓட்டை எப்படி விடுவது?

அக்கா